“அப்படியே பொருந்தும்” பிஸ்டன்: ஒரு மலிவு டர்போ யோசனையைப் பிரிச்சுப் பார்த்தால்

ஆக்லாந்தில் இருக்கும் என் கல்லூரி நண்பன் சில வருடங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பினான். செய்தித்தாள் மேல் நான்கு பழைய பிஸ்டன்கள். “டேய், ஜிஸெட்இ பிஸ்டன், 8-க்கு 1. வாங்கிடட்டுமா?” அவனிடம் இருப்பது 1985 டொயோட்டா ஏஇ86. குறைஞ்ச செலவில் என்ஜினைப் பிரித்துக் கட்டி டர்போ வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. நான் எக்ஸெல்லில் பத்து நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு “வாங்குடா” என்றேன். கணக்கு சரிதான், பதில் தப்பு. எங்கே தப்பினேன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் யோசனைக்கு நியாயம் செய்துவிடுவோம். அந்தக் காரில் இருப்பது 4ஏ-ஜிஇ என்ஜின். சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 77 மி.மீ., மொத்தம் 1587 சிசி. 1986-ல் டொயோட்டா இதே குடும்பத்தில் சூப்பர்சார்ஜர் வைத்த 4ஏ-ஜிஸெட்இ என்ஜினை எம்ஆர்2 காரில் கொண்டுவந்தது. விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதேதான். ஆனால் காற்றை அழுத்தித் திணிக்கும் என்ஜினில் நாக்கிங் வராமல் இருக்க கம்ப்ரஷன் ரேஷியோவை 9.4-லிருந்து 8.0-க்கு இறக்கினார்கள். வார்ப்புக்குப் பதில் அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன் போட்டார்கள். டர்போவுக்கும் தேவை இதேதான். புது ரேஸ் பிஸ்டன் வாங்கக் காசில்லாதவன் கம்பெனியே செய்த பழைய பிஸ்டனைத் தேடுவதில் தப்பே இல்லை.

என் எக்ஸெல் சொன்னதும் இதைத்தான். ஒரு சிலிண்டருக்கு 396.8 சிசி. ரேஷியோ 9.4 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 47.2 சிசி. 8.0 என்றால் 56.7 சிசி. நடுவில் உள்ள 9.5 சிசியை முக்கியமாகத் தருவது பிஸ்டன் தலையில் இருக்கும் குழி. பிஸ்டனை மாத்தினா ரேஷியோ இறங்கிடும். சுலபம்!

இப்போ விமர்சனத்துக்கு வருவோம்.

ஒன்று: “8-க்கு 1 பிஸ்டன்” என்று ஒன்று கிடையாது. அந்த எண் பிஸ்டன், ஹெட், கேஸ்கெட், ஸ்ட்ரோக் எல்லாம் சேர்ந்து வருவது. கேஸ்கெட் அரை மி.மீ. மெலிசாக இருந்தால் 2.6 சிசி குறைந்து ரேஷியோ 8.3 ஆகிவிடும். இன்னொரு சொந்தக்காரர் 7ஏ-எஃப்இ: அதே 81 விட்டம், ஆனால் ஸ்ட்ரோக் 85.5. மேலே அதே 56.7 சிசி இடம் விட்டாலும் அங்கே ரேஷியோ 8.8. விற்பவர் சொன்ன எண்ணை நம்பி பூஸ்ட்டையும் இக்னிஷன் டைமிங்கையும் வைத்தால், இல்லாத ஓர் என்ஜினுக்கு டியூன் செய்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டு: நான் கோட்டை விட்ட இடம். பிஸ்டன் தனியாக வேலை செய்வதில்லை, ஒரு பின் வழியாகக் கனெக்டிங் ராடில் தொங்குகிறது. ஆரம்பகால 4ஏ-ஜிஇயில் பின் 18 மி.மீ., ஜிஸெட்இயில் 20 மி.மீ. சரி, ஜிஸெட்இ ராடையும் வாங்கலாமே? அதன் பெரிய முனை 42 மி.மீ. கிராங்க் ஜர்னலுக்கானது, நண்பனின் கிராங்க்கில் அது 40. ஆக பிஸ்டன் ராடைக் கேட்டது, ராடு கிராங்க்கைக் கேட்டது. தினமும் ஆபீஸில் ஒரு லைப்ரரியை அப்டேட் செய்யப் போய் மூன்று லைப்ரரியை மாத்துகிறவன், இதைப் பார்க்காமல் விட்டதுதான் வெட்கம். ராடின் சின்ன முனையைக் குடைந்து 20-க்குக் கொண்டுவரலாம் என்று அங்கே ஒரு பட்டறைக்காரர் சொன்னாராம். டர்போவுக்காகப் பலமான பிஸ்டன் வாங்கிவிட்டு, அதைத் தாங்கும் ராடை மெலிசாக்குவது என்ன கணக்கு?

மூன்று: “மலிவு” என்ற சொல்லையே காலி செய்யும் விஷயம். பழைய பிஸ்டன் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் சைஸ். பிளாக்கோ லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் போட்டு 81.5 ஆக்கினால் 81 பிஸ்டன் உள்ளே ஆடும். ரீபோர் போடாவிட்டால் தேய்ந்த சிலிண்டரில் தேய்ந்த பிஸ்டன். அதாவது, எந்த என்ஜினுக்கு ரீபில்ட் அவசியமோ அந்த என்ஜினுக்குத்தான் இந்த பிஸ்டன் உதவாது! இதைத் தெரிந்துகொள்ள போர் கேஜும் மைக்ரோமீட்டரும் போதும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அளக்கணும்.

நான்கு: ரிங் இடைவெளி. 81 மி.மீ. ரிங்கின் சுற்றளவு சுமார் 254 மி.மீ. சிலிண்டர் சுவரைவிட வார்ப்பிரும்பு ரிங் கூடுதலாக 100 டிகிரி சூடானால் சுமார் 0.28 மி.மீ. நீளும். பூஸ்ட்டில் சூடு இன்னும் ஏறும். சாதாரண என்ஜினுக்கான இடைவெளியை அப்படியே விட்டால் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பையே பெயர்த்துவிடலாம். அப்புறம் பழி பிஸ்டன் மேல் விழும்.

அப்போ இந்த யோசனை குப்பையா? இல்லை. பின் 20, ஜர்னல் 42 உள்ள பிந்தைய ஜிஇ என்ஜின், தேய்மான வரம்புக்குள் இருக்கும் ஸ்டாண்டர்ட் பிளாக், அளந்து எடை பார்த்த நான்கு பிஸ்டன், புது ரிங். இந்த நான்கும் அமைந்தால் இது நல்ல யோசனை. என் குறை பிஸ்டன் மேல் இல்லை. இத்தனை நிபந்தனைகளையும் “அப்படியே பொருந்தும்” என்ற இரண்டு சொல்லுக்குள் மறைப்பதன் மேல்தான். சிலிண்டர் விட்டம் ஒத்துப்போனால் அது தேடலின் ஆரம்பம், அவ்வளவுதான்.

நண்பன் கடைசியில் ராடும் கிராங்க்கும் தேடி வாங்கினான். பிஸ்டனில் மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு மடங்கு அதில் போனது. சிலிண்டரை அளந்தபோது ரீபோர் தேவை என்று வந்தது. கடைசியில் ஓவர்சைஸ் புது பிஸ்டன்தான் போட்டான். அந்த நான்கு பிஸ்டன்களில் ஒன்று இப்போ அவன் மேஜையில் பேனா ஸ்டாண்ட். வீடியோ காலில் அது கண்ணில் படும்போதெல்லாம், “பின் சைஸ் என்னன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா” என்பான். கேட்டிருக்கலாம்.