தட்டு நிறையப் பார்க்கும் கண்

கேபிள்காரர் மாடியில் எட்டடி டிஷ்ஷைப் பார்த்துப் பழகியவருக்கு, 90 செ.மீ. டிடிஎச் தட்டில், குவியும் அலையை வாங்கும் சி-பேண்ட் எல்.என்.பி. உட்கார்ந்திருப்பது, சின்னப் பையன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டதுபோலத் தோன்றும். ஆனால் அந்தத் தட்டில் படம் வந்து நின்றுவிட்டால், அதை மாட்டியவர் கைகாரர் என்று தயங்காமல் சொல்வேன்.

சிரமம் அலையின் நீளத்தில் இருக்கிறது. டிடிஎச் வரும் கேயு-பேண்டில் அலைநீளம் சுமார் 2.5 செ.மீ.; சி-பேண்டில் 7.5 செ.மீ. அலை நீள நீள, தட்டு சிறுக்கச் சிறுக்க, அதன் பார்வை அகன்றுவிடும். எட்டடி டிஷ் வானத்தில் இரண்டு டிகிரி அகலத்தைப் பார்க்கிறது என்றால், 90 செ.மீ. தட்டு கிட்டத்தட்ட ஆறு டிகிரியைப் பார்க்கும். செயற்கைக்கோள்களோ இரண்டு மூன்று டிகிரிக்கு ஒன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. பக்கத்துக்காரரின் சத்தமும் சேர்ந்தே வரும். போதாததற்கு, எட்டடி அள்ளுவதில் ஏழில் ஒரு பங்குதான் இந்தத் தட்டில் விழும். விழுந்ததில் ஒரு துளியும் சிந்தக் கூடாது.

சிந்தாமல் பிடிப்பது ஸ்கேலார் ரிங்கின் வேலை. எல்.என்.பி.யின் கழுத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக நிற்கும் அலுமினியத் தகடு அது. கடையில் கிடைக்கும் தட்டையான ரிங், குழிவான பெரிய டிஷ்ஷுக்காகச் செய்தது, அகலமாகப் பார்க்கும். ஆஃப்செட் தட்டு ஆழமில்லாதது, அதன் குவிமையமும் கீழே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தட்டு சுமார் 80 டிகிரிக்குள் அடங்கிவிடும். தட்டை ரிங்கை அப்படியே மாட்டினால், பார்வையில் ஒரு பகுதி தட்டின் விளிம்பைத் தாண்டி மாடித் தளத்தில் போய் விழும்.

தளம் சும்மா இருக்காது. சூடான எந்தப் பொருளும் இரைச்சலை உமிழும். எல்.என்.பி.யின் மேல் 17 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள்; சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட்டோ 300 கெல்வினுக்கு மேல். அவ்வளவு குளிர்ந்த காதை வாங்கிவந்து, கொதிக்கிற தளத்தின் பக்கம் திருப்பி வைக்கலாமா? அதனால்தான் வளையங்கள் படிப்படியாக முன்னேறிப் புனல்போல் விரியும் கூம்பு ரிங்கைத் தேடுகிறார்கள். அது பார்வையைக் குறுக்கி, தட்டின் விளிம்போடு நிறுத்துகிறது. தட்டு முழுவதையும் பார்க்க வேண்டும், தட்டைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. இந்தக் கலையின் சாரம் இதுதான்.

மதுரையில் ஒரு மாடியில் இதை அருகிலிருந்து பார்த்தேன். குறி, 83 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-30. 2020 ஜனவரியில் ஏவியது. மதுரையிலிருந்து அது கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே, 77 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மாட்டிய அண்ணன், எல்.என்.பி.யின் கனத்தில் தட்டின் கை தொங்கிவிடாமல் இரும்புப் பட்டையை வளைத்து முட்டுக் கொடுத்திருந்தார். கேயு எல்.என்.பி.யின் வாய் எங்கே இருந்ததோ, அங்கேயே இதன் வாயும் வர வேண்டுமாம். பிறகு கழுத்தைத் திருப்பத் தொடங்கினார். அலை நேராக நிற்பதில்லை. மதுரையில் இந்தக் கோளுக்குச் சுமார் 26 டிகிரி சாய்ந்திருக்கும். கடிகாரத்தில் ஐந்து நிமிட இடைவெளிக்குக் கொஞ்சம் குறைவு.

“தம்பி, குவாலிட்டி எவ்வளவு?”

“பதினெட்டுண்ணே!”

இரண்டு விரலால் ஒரு நூல் திருப்பினார். கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றார். ரிசீவர் யோசித்துப் பதில் சொல்ல ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி பொறுக்காதவர்கள்தான் சிக்னலைத் தொலைக்கிறார்கள். முப்பத்தொன்று, நாற்பத்துநான்கு, மறுபடி முப்பத்தெட்டு. உச்சத்தை வேண்டுமென்றே தாண்டிப் போய், அது எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். தம்புராவுக்குச் சுதி சேர்ப்பவரும் இப்படித்தான் செய்வார். அடுத்து ரிங்கை முன்னும் பின்னும் ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தள்ளி, ஐம்பத்திரண்டில் நிறுத்தித் திருகை முடுக்கினார்.

எல்லாச் சேனலும் வரவில்லை. பலமானவை மட்டும் வந்தன, துல்லியமாக. அன்று இரவு அடைமழை. கேயு-பேண்டை விழுங்கும் மழைக்குச் சி-பேண்ட் பெரும்பாலும் அசையாது. பக்கத்து வீட்டு டிடிஎச் நின்றுபோன நேரத்தில், பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய அந்தத் தட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. குவாலிட்டி ஐம்பத்தொன்று.