இருவர் பெயர் எங்கே?

பண்டை வரலாறு என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. மன்னர் பெயரையும் அவர் மாண்ட ஆண்டையும் மனத்தில் ஏற்றுவதே வரலாறு என்று ஆக்கிவைத்தவர்கள் நாம். அதற்கு மாற்றாக, அந்நாளில் வாழ்ந்தோர் எழுதிய மடல்களை வீட்டிலேயே கற்பியுங்கள் என்கின்றனர் சிலர். நல்ல வழிதான், ஆனால் எப்படிக் கற்பிப்பது?

ரோமானியரான இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடசுக்கு எழுதிய இரு மடல்களை எடுத்துக்கொள்வோம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரைப் புதைத்தது. அப்போது 17 வயது இளைஞரான பிளினி, வளைகுடாவின் மறுபக்கம் மிசேனத்தில் இருந்தார். பைன் மரம்போல் கிளைத்தெழுந்த புகை, பின்வாங்கிய கடல், பகலை விழுங்கிய இருள் ஆகியவற்றை உள்ளவாறு தீட்டுகிறார். அத்தகைய வெடிப்புக்கு எரிமலை அறிஞர் இன்றும் பிளினியின் பெயரையே வழங்குகின்றனர். அவ்விருளில் கடவுளரை நோக்கிக் கையேந்தியோர் பலர். கடவுளரே இனி இல்லை என்றோர் அவரினும் மிகுதி என்றும் எழுதுகிறார்! எந்தப் பாடநூல் இதைச் சொல்லித் தரும்?

ஆயினும், பழமை என்பதற்காகவே மடலை மறையாக்கிவிடுதல் ஆகாது. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே பிளினி இவற்றை எழுதினார். கப்பற்படைத் தலைவரான தாய்மாமன், மக்களை மீட்கச் சென்று மாண்டது அவர் கண்டதன்று, கேட்டது. வெடிப்பு நிகழ்ந்தது ஆகஸ்ட் 24 என்று இம்மடலின் படிகளை வைத்தே நெடுங்காலம் நம்பினர். 2018-இல் பொம்பெயிச் சுவரொன்றில் வெளிப்பட்ட கரியெழுத்து, அக்டோபர் 17-ஐக் குறிக்கிறது. அதில் ஆண்டு இல்லை. எனினும், ஆகஸ்டு என்பதன்மேல் முன்பே எழுந்திருந்த ஐயம் அதனால் வலுத்தது. ஏடு சொன்னதைச் சுவர் மறுக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்!

ஒரு மாலையில் என் தங்கைக்கு இக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சுத் திணறிய மாமன், இரண்டு அடிமைகளைப் பற்றிக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் வீழ்ந்தார் என்றேன்.

"அந்த இருவரும் என்ன ஆனார்கள், அண்ணா?"

மடலைப் புரட்டினேன். மாமன் உடல் கிடைத்த நிலையைக்கூட விரித்துரைக்கும் பிளினி, அவ்விருவரைப்பற்றி வாய் திறக்கவில்லை. பெயரும் இல்லை; முடிவும் இல்லை. எழுதியவர் ஆண்டை, எழுதப்பட்டவர் உடைமை. அதனால்தான் இந்த அமைதி. பன்முறை படித்தும் என் கண்ணில் படாதது, பதினொரு வயதுச் சிறுமிக்குப் பட்டது. கல்லூரியில் பட்டம் பெற்றவன் நான், வெட்கினேன்.

தோழர்களே! பழைய மடல்களைப் பிள்ளைகள்முன் விரியுங்கள். பிளினியின் கூர்த்த பார்வையைப் போற்றுங்கள், தவறில்லை. ஆனால், படித்து முடித்ததும் மூன்று வினாக்களை எழுப்பச் செய்யுங்கள்: எழுதியவர் யார்? அவர் கண்டதா, கேட்டதா? எவரைப்பற்றி எழுதவில்லை? மூன்றாம் வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை, நம் ஊர்க் கல்வெட்டின்முன் நின்றாலும், கொடையளித்த மன்னனோடு நின்றுவிடாது. கல் சுமந்தவனையும் தேடும்.