ஹார்வர்டும் கறுப்பர் சரித்திரமும்

கல்விக்கூடத்தின் சரித்திரம் என்றால் தலைவர்களின் படங்களும் தருமவான்களின் பட்டியலுமே என்று எண்ணுவோர் பலர். அங்கே ஊழியம் புரிந்தவர் யார், வாயிலில் தடுக்கப்பட்டவர் யார் என்று வினவுவதே மெய்யான சரித்திரம் என்பது நமது கொள்கை. இதனை உரைகல்லாகக் கொண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் கறுப்பர் பட்ட பாட்டைக் கூறும் இரு நூல்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, 1636-ல் தோன்றிய அச்சர்வகலாசாலையே 2022-ல் வெளியிட்ட அறிக்கை. மாசசூசெட்ஸில் அடிமை முறை ஒழிந்த 1783-க்கு முன், அங்குத் தலைவராயும் ஆசிரியராயும் பணியாளராயும் இருந்தோர் 70-க்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தனர் என்று அது ஒப்புக்கொள்கிறது. டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா ஆகிய நால்வரும் தலைவர்களின் இல்லத்திலேயே உழைத்தவர்கள். மாணவருக்கு நீதி போதித்த வீட்டில் மனிதன் மனிதனுக்கு உடைமையாயிருந்தான்!

இவ்வறிக்கை 1783-உடன் நின்றுவிடாதது பாராட்டத்தக்கது. கறுப்பரைத் தாழ்ந்தவராகக் காட்ட முயன்ற பேராசிரியர் அகாசியின் போலி விஞ்ஞானத்தையும், 1850-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த கறுப்பர் மூவர், வெள்ளை மாணவர் சிலரின் ஆட்சேபத்தால் வெளியேற்றப்பட்டதையும் அது மறைக்கவில்லை. பரிகாரமாக 10 கோடி டாலர் நிதியும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஒரு குறை உண்டு. அடிமைகளை நாம் எஜமானரின் கணக்கேடுகள் வழியாகவே காண்கிறோம். பெயர் கிடைக்கிறது, குரல் கிடைக்கவில்லை.

அக்குரலைத் தருவது 1993-ல் மூவர் தொகுத்த 'ஹார்வர்டில் கறுப்பர்' என்னும் நூல். 1895-ல் அங்கு டாக்டர் பட்டம் பெற்ற முதற் கறுப்பரான டுபாய்ஸ் போன்றோர் இதில் தாமே பேசுகின்றனர். 1922-ல் தலைவர் லோவெல் கறுப்பு மாணவரை முதலாண்டு விடுதியில் சேர்க்க மறுத்தார். அவ்வாறு மறுக்கப்பட்ட மாணவன் ஒருவனின் தந்தையான ராஸ்கோ புரூஸ், தாமும் அங்கேயே பயின்றவர். அவர் தலைவருக்கு எழுதிய கடிதம் இந்நூலின் உயிர்நாடி. 1923-ல் மேற்பார்வைச் சபையார் அத்தடையை நீக்கினர். ஆனால் இரு நிறத்தாரும் சேர்ந்து வாழ வற்புறுத்தப்படார் என்றும் சேர்த்துக்கொண்டனர். கதவைத் திறந்து தாழ்ப்பாளை மட்டும் விட்டுவைத்த நியாயம் இது!

இந்நூலிலும் எழுதக் கற்றோரே பேசுகின்றனர், வீனஸ் பேசவில்லை. ஆதலின் ஒன்றை மட்டும் படிப்போர் பாதியே அறிவர். ஒடுக்கியவன் ஏட்டிலிருந்து பெயரை மீட்பதும், ஒடுக்கப்பட்டவன் எழுத்தைப் போற்றிக் காப்பதும் சேர்ந்தே சரித்திரமாகும். நிதியால் கடன் தீர்ந்ததென்று ஏட்டை மூடிவிடுவது நேர்மையன்று. எழுதுகோல் ஓயாதிருத்தல் வேண்டும்.