அடுக்களை வரைக்கும் வருமா அத்வைதம்?
(‘நான் யார்?’ என்னும் சிறுநூலை முன்வைத்துச் சில எண்ணங்கள்)

அத்வைதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களிடம் இரண்டு விதமான பதில்கள் வருவதை நான் கவனித்திருக்கிறேன். ஒன்று, “அதெல்லாம் ரிட்டையர் ஆனப்புறம் பார்த்துக்கலாம் சார்.” மற்றொன்று, “எல்லாமே மாயைதானே, எதுக்கு அலட்டிக்கணும்?” முதற்கூட்டத்தார் அதைத் தள்ளி வைக்கிறார்கள், இரண்டாம் கூட்டத்தார் அதைத் தலையணையாக வைத்துக்கொள்கிறார்கள். ஆக, தினப்படி வாழ்க்கையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. இந்த இரண்டு போக்கும் சரியல்ல என்பதற்கு நம் கைக்கெட்டிய சாட்சி ஒன்று உண்டு. பம்பாய்த் தமிழர் வீட்டுப் பூஜை அலமாரிகளில் விபூதி மடலுக்குப் பக்கத்தில் கிடக்கும் ‘நான் யார்?’ என்ற மெல்லிய புத்தகம்தான் அது. பலர் வீட்டில் இருக்கிறது, படித்தவர்கள் குறைவு.

நூல் பிறந்த விதமே ரசமானது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற மதுரைப் பள்ளி மாணவர், 1902-இல் விரூபாக்ஷ குகையில் பேச்சின்றி இருந்தார். அவரைத் தேடி வந்த சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவம் படித்த பட்டதாரி. ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர். அவர் கேட்ட கேள்விகளுக்கு இளைஞர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய விடைகளே நூலின் மூலம். 1923-இல் அது அச்சேறியது. பிற்பாடு ரமணர் தாமே கேள்விகளை எடுத்துவிட்டுத் தொடர்ந்த கட்டுரையாக அமைத்தார். குகைக்குள் கிடைத்த விடைதான். ஆனால் கேட்டவர் ஆபீசுக்குப் போகிற மனிதர். இந்த ஒரு செய்தியே ‘ரிட்டையர் ஆனப்புறம்’ என்ற சாக்கை உடைத்துவிடுகிறது.

தமிழில் இதற்கு முன்னும் அத்வைத நூல்கள் உண்டு. தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’ 293 செய்யுட்களில் குருவும் சீடனும் உரையாடுவதாக, சாஸ்திர முறை வழுவாமல் செல்கிறது. கற்றவர் துணை இல்லாமல் அதில் இறங்குவது சிரமம். ‘நான் யார்?’ உரைநடை. வடசொற்கள் கலந்ததுதான், ஆனாலும் உவமைகளெல்லாம் கண்ணெதிரே நடப்பவை. சுடுகாட்டில் பிணத்தைப் புரட்டும் தடி கடைசியில் தானும் எரிந்து போவது. வெயிலில் அலைந்தவன் மர நிழலுக்குத் திரும்புவது. குப்பையைக் கூட்டித் தள்ளுகிறவன் அதைக் கிளறி ஆராயாதது. எனக்கு மிகவும் பிடித்தது ரயில் உவமை. வண்டியே எல்லா பாரத்தையும் சுமக்கும்போது, ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவதிப்படுவானேன் என்பது அதன் கருத்து. பெட்டி படுக்கையோடு தாதரில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

நூலின் வாதம் நேரானது. எல்லோரும் துன்பமில்லாத இன்பத்தையே நாடுகிறோம். எல்லோருக்கும் தன்னிடத்தில்தான் அதிகப் பிரியம். பிரியத்துக்குக் காரணம் சுகமே. மனம் ஒடுங்கிய ஆழ்ந்த தூக்கத்தில் அந்தச் சுகம் எந்தப் பொருளின் உதவியும் இல்லாமல் கிடைக்கிறது. ஆகவே அது நம் இயல்பு. அந்த இயல்பை விழித்திருக்கும்போதே அறிய, ‘நான்’ என்ற நினைவு எங்கிருந்து எழுகிறதென்று பார்க்க வேண்டும். ‘உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல’ என்று நூலின் தொடக்கத்தில் வரும் நீண்ட பட்டியலைப் பிள்ளையவர்களே தம் தெளிவுக்காகச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்தப் பட்டியலைக் கண்டு மிரண்டு புத்தகத்தை மூடியவர்களுக்கு நான் சொல்வது: அதைத் தாண்டிப் போங்கள், மேலே வழி சுலபம்.

இங்கே நம் மொழி செய்யும் உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘நான்’ வேறு, ‘தான்’ வேறு. எழுத்தளவில் முதலெழுத்துதான் மாறுகிறது. இங்கிலீஷில் பெரிய எழுத்துப் போட்டு விளக்க வேண்டியதை நாம் அன்றாடப் பேச்சில், “தானா வந்தது”, “தன்னை மறந்து சிரிச்சான்” என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். ‘தான்’ என்ற கர்வம் என்றும் சொல்கிறோம். ‘தானாய் இருத்தல்’ என்றும் சொல்கிறோம். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சொல்! இந்த நுட்பம் தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பில் முழுசாகக் கிடைக்காது என்பது என் வருத்தம்.

அந்தச் சொல்லில்தான் ஆபத்தும் இருக்கிறது. “உனக்குள்ளே தெய்வம் இருக்கு, நினைச்சதைச் சாதிக்கலாம்” என்று இப்போது கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில்கூடச் சொல்லித் தருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நான் யார்?’ சொல்வது இதற்கு நேர் எதிர். தெய்வமாக உயர்வது அந்தச் சின்ன ‘நான்’ அல்ல. அது ஆராயப்பட்டு ஒடுங்கிய பிறகு மிஞ்சுவதே தெய்வம். ‘நான் பிரம்மம்’ என்று மார் தட்டிக்கொள்ளும் மனம் இருக்கிற வரையில் இன்னும் ஆரம்பப் பாடமே முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது ஆபத்து ‘எல்லாம் மாயை’. சங்கரர் வழிவந்த வேதாந்தம் வியாவகாரிகம், பாரமார்த்திகம் என்று இரு நிலை வகுத்திருப்பது வெறும் பண்டிதச் சிலம்பம் அல்ல. கயிற்றில் தெரிந்த பாம்பு பொய்தான். ஆனால் கயிறென்று தெளியும் வரை பயந்தவனின் நடுக்கம் மெய். அடுத்த வீட்டில் வேலை போனவரிடம், துணையை இழந்தவரிடம், “மாயை சார், மனசைத் தேத்திக்குங்க” என்று சொல்கிறவர், தமக்கு ஒரு மாதப் பென்ஷன் தாமதமானால் பேங்கு மேனேஜரிடம் சத்தம் போடுகிறார். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: மாயை என்ற மருந்தை என் துக்கத்துக்கு மட்டும் நான் சாப்பிடலாம், பிறர் துக்கத்துக்கு ஊட்டிவிடக் கூடாது. நூலும் இதற்கு இடம் தருகிறது. பிறருக்குக் கொடுப்பதெல்லாம் தனக்கே கொடுத்துக்கொள்வது என்று தெரிந்தால் யார்தான் கொடாமல் இருப்பார் என்ற கருத்து அதில் வருகிறது. தர்மத்துக்கு இதைவிடச் சுருக்கமான காரணம் நான் படித்ததில்லை.

இனி நூலில் எனக்குள்ள குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். மற்றவன் வேறல்லன் என்ற வாசல்வரை அது நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது; உள்ளே போய் வீட்டை எப்படி நடத்துவதென்று சொல்லவில்லை. ரமணர் வாழ்க்கை ஓரளவு சொல்கிறது. விடியுமுன்பே எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கியவர் அவர். பசு லக்ஷ்மிக்கும், ஒரு காகத்துக்கும், நாய்க்கும்கூட அங்கே சமாதி இருக்கிறது. ஆனால் அதே ஆசிரமத்து உணவுக்கூடத்தில் அந்நாளில் அந்தணர்க்கு ஒரு பக்கம், மற்றவர்க்கு ஒரு பக்கம் என்று பந்தி பிரிந்திருந்ததும் உண்மை. வைதீகர் மனம் நோகாதிருக்கவே என்று அன்பர்கள் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அது போதவில்லை. மாணவனுக்கு விடை தெரிகிறது. ஆனால் தேர்வு எழுதும் அறை மட்டும் மாறவில்லை என்பது போன்ற நிலை அது.

அதே காலத்தில் பக்கத்து மலையாளத்தில் நாராயண குரு அதே அத்வைதத்தை வேறு வழியில் நடத்திக் காட்டினார். தமிழிலும் பதிகங்கள் பாடியவர் அவர். 1888-இல் அருவிப்புறத்தில், கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்காகத் தாமே சிவலிங்கத்தை நிறுவினார். 1927-இல் களவங்கோடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். வந்து கும்பிடுகிறவன் தன் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அடுத்து வருபவனும் அதே இடத்தில் தன் முகத்தைப் பார்க்கிறான். ரமணர் திருவண்ணாமலை சேர்ந்த அதே 1896-இன் இறுதியில் லண்டனில் விவேகானந்தர் நிகழ்த்திய நடைமுறை வேதாந்தச் சொற்பொழிவுகளும் இந்தத் திசையையே காட்டின. ஆகவே ‘நான் யார்?’ நூலைத் தனியே படிக்காமல் இவர்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் முடிவு. ஒன்று உள்ளே திரும்பச் சொல்கிறது. மற்றவை திரும்பியவன் வெளியே எப்படி நடப்பான் என்று காட்டுகின்றன.

காசி வீதியில் சங்கரர், எதிரே வந்த புலையரை விலகச் சொன்ன கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். விலக வேண்டியது உடம்பா, ஆத்மாவா என்று திருப்பிக் கேட்டவரை அவர் குருவாக வணங்கினார் என்கிறது கதை. அதைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில், வேலைக்கு வரும் பாயிக்கு டீ கொடுக்கும் டம்ளர் சன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது? எத்தனை கட்டடங்களில் அவர்களுக்கு லிப்ட் தனி? இதே ஊரில் ஒரு காலத்தில் ‘மதராஸி’ என்று தள்ளிவைத்துப் பேசப்பட்டவர்கள் நாம். தள்ளிவைக்கப்படுவதன் கசப்பு நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சத்சங்கத்தில் ‘எல்லாம் ஒன்று’ என்று கேட்டுவிட்டு வரும் பையன் திங்கட்கிழமை அந்த டம்ளரைப் பார்க்கிறான். அவன் இரண்டில் ஒன்றை நம்பப்போகிறான். எதை நம்புவான் என்பதை நூல் தீர்மானிப்பதில்லை, சமையலறை மேடை தீர்மானிக்கிறது. ‘நான் யார்?’ நூலை வாரம் ஒரு பத்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் தெரியாத குழந்தைக்குத் தெரிந்தவர் சொல்லிக்கொடுங்கள். படிக்கத் தொடங்கும் முன், அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பிறகு பாடம் சட்டென்று புரியும்.