பாவையும் கையும்: த்ரின்காவின் குறும்படத்தில் உத்தியும் பொருளும்

செக்கோசிலவாக்கியப் பாவைப்படக் கலைஞரான யிர்ஷி த்ரின்கா (1912–1969) இறுதியாக உருவாக்கிய படம் 1965ஆம் ஆண்டில் வெளிவந்த "கை" ஆகும். ஏறக்குறைய 18 நிமிடங்கள் ஓடும் இப்படத்திலே உரையாடல் எதுவுமில்லை. கதையும் எளிமையானதே. கோமாளி உடையணிந்த பாவையொன்று ஒற்றை அறையில் வாழ்கிறது. தனது ரோசாச் செடிக்காகச் சட்டி வனைகிறது. வெள்ளைக் கையுறை அணிந்த பெருங்கை ஒன்று உள்ளே நுழைந்து, சட்டியை விடுத்துத் தன் உருவத்தைச் செய்யுமாறு பணிக்கிறது. பாவை மறுக்கிறது. பரிசு, பணம், மிரட்டல், மயக்கு என ஒவ்வொன்றாய் முயன்ற கை, ஈற்றில் பாவையைக் கயிற்றிற் பிணைத்துக் கூட்டில் அடைத்துக் கற்கையொன்றைச் செதுக்குவிக்கிறது. மெழுகுதிரியின் சுவாலையிற் கயிற்றை எரித்துத் தப்பி வீடு மீளும் பாவை, கதவு சன்னல்களை அடைத்துக்கொள்கிறது. மேலே வைத்த பூச்சட்டி தலையில் வீழ்ந்து மாள்கிறது. கை அதற்குப் பெரு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்துகிறது.

இக்கதையை மாத்திரம் எடுத்துரைத்து, கலைஞனின் சுதந்திரத்தை அரசு நசுக்குகிறது என முடிவு கூறுதல் இலகு. மேலைத்தேயத் தாராண்மைவாத விமர்சகர் பலர் அதனையே செய்தனர். விந்தை யாதெனில், த்ரின்கா மறைந்த பின்னர் இப்படத்தைத் தடைசெய்து ஏறத்தாழ இரு தசாப்தங்கள் மக்கள் கண்ணிற் படாது வைத்திருந்த அதிகாரிகளும் அதே வாசிப்பையே ஏற்றனர் என்பதாம். இரு சாராரும் கதையைப் படித்தனரேயன்றிப் படத்தைப் பார்த்தாரல்லர். உருவம், உள்ளடக்கம் பற்றி எம்மிடையே நிகழ்ந்த விவாதங்களிலும் இத்தகைய அவசரம் இருந்ததுண்டு. ஆதலின் படத்தின் உத்திகளிலிருந்தே தொடங்குவது பொருத்தமுடையது.

த்ரின்காவின் பாவைகளுக்கு முகம் மாறுவதில்லை. வாய் அசைவதில்லை, புருவம் நெளிவதில்லை. தீட்டிய முகம் தீட்டியவாறே இருக்கும். எனினும் பார்ப்போர் அம்முகத்திலே மகிழ்ச்சியையும் அச்சத்தையும் களைப்பையும் காண்கின்றனர். ஒளி விழும் திசை, கமெராவின் கோணம், தலையின் சிறு சாய்வு, முன்னும் பின்னும் வரும் காட்சிகள் ஆகியன அவ்வுணர்வுகளைத் தோற்றுவிக்கின்றன. உணர்ச்சி முகத்தினுள்ளே இல்லை. முகத்திற்கும் அதன் சூழலுக்குமிடையிலான உறவிலே உள்ளது. மனிதனைச் சமூக உறவுகளின் தொகுதியாகக் காணும் எமக்கு இவ்வுத்தி அந்நியமானதன்று.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. பாவைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படத்துண்டுகள் ஓடுகின்றன. பாவையைச் சிறிது நகர்த்திப் படமெடுத்து, மீண்டும் நகர்த்திப் படமெடுப்பர். நகர்த்துவது மனிதக் கை. ஆனால் அக்கை எந்தப் படத்துண்டிலும் விழலாகாது. விழுந்தால் மாயை குலையும். உழைப்பை மறைத்தே இக்கலை உயிர் பெறுகிறது. த்ரின்கா அம்மரபைத் தலைகீழாக்குகிறார். இரு படத்துண்டுகளுக்கிடையே மறைந்திருக்க வேண்டிய கை, உண்மையான மனிதக் கையாகவே, சட்டகத்தினுள் நுழைகிறது. தன்னை இயக்கும் சக்தியைப் பாவை நேருக்கு நேர் காண்கிறது. இக்கருத்தைச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை; கலையின் உற்பத்தி முறையே கருப்பொருளாகிவிட்டது. கூட்டினுள் பாவையின் உறுப்புகளிற் கயிறு கட்டப்படும்போது, கயிறின்றி இயங்கிய பாவை பழைய கயிற்றுப் பாவையின் நிலைக்குத் தள்ளப்படுகிறது. ஒரு கலை வடிவத்தின் வரலாறே அங்கு பின்னோக்கித் திருப்பப்படுகிறது எனலாம்.

அளவு வேறுபாடும் இவ்வாறே பேசுகிறது. அறை பாவைக்கு அளவானது, கைக்கு அன்று. கை நுழைந்ததும் நாற்காலியும் கட்டிலும் சக்கரமும் விளையாட்டுப் பொருள்களாய்ச் சுருங்குகின்றன. அறை மாறவில்லை, அறையின் பொருள் மாறிவிடுகிறது. கைக்கு உடலுமில்லை முகமுமில்லை. அதனால் அதனுடன் வாதிட வழியில்லை.

அக்கை எவருடையது? தொலைக்காட்சிப் பெட்டி பாவைக்குக் காட்டும் கைகளிடையே நீதியின் தராசைத் தாங்கும் கையும், சுதந்திர தேவியின் தீப்பந்தம் ஏந்திய கையும் உள. இதனை நோக்காது, கை என்பது பிராக்கின் ஆட்சி மாத்திரமே என்பது குறுகிய நோக்காகும். பிராக்கின் ஆட்சி அதில் இல்லை என்று வாதிடுவதும் நேர்மையன்று. 1945இல் தேசிய மயமாக்கப்பட்ட திரைத்துறையிலே வளர்ந்து, அதன் வசதிகளைப் பெற்று, தனியுடைமைச் சந்தை தந்திராத காலத்தையும் பொறுமையையும் பெற்ற கலைஞர் த்ரின்கா. அவ்வமைப்பின் கொடையையும் கூட்டையும் ஒருங்கே அறிந்தவரின் படைப்பு இது. சோசலிசத்தின் பெயரால் எழுந்த வழிபாட்டுச் சிலைகளைப் பற்றிப் பேசுவதற்கு மாக்சிய விமர்சகர் தயங்குவாராயின், அப்பணியைப் பகைவரிடம் கையளித்தவராவார்.

மனிதக் கை உழைப்பின் உறுப்பு மாத்திரமன்றி உழைப்பின் விளைபொருளுமாகும் என்பது எங்கெல்சின் கருத்து. படத்திலும் இரு வகைக் கைகள் உள்ளன. சக்கரத்திற் களிமண்ணை அணைத்துச் சுழலவிடும் பாவையின் சிறு கைகள் பயனுள்ள பொருளை ஆக்குகின்றன. உறையணிந்த பெருங்கையோ களிமண்ணைத் தொட்டாலும் தன் சாயலையே பிசைந்து காட்டுகிறது. கூட்டினுள் பாவை செதுக்கும் கற்கை, உழைப்பாளியின் ஆக்கமே அவனுக்கு எதிரான அந்நிய சக்தியாய் எழுந்து நிற்பதன் காட்சி வடிவம். 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மாக்ஸ் விளக்கிய அந்நியமாதலை இத்துணைச் சுருக்கமாய்க் காட்டிய படத்தை நாம் அறியோம்.

எனினும் படத்திற்கு ஓர் எல்லை உண்டு. பாவை தனியன். அயலவர் இல்லை, சட்டி வாங்க வருவார் இல்லை, அதன் உழைப்பை வேண்டி நிற்பது ரோசாச் செடி ஒன்றே. நுகர்வோரற்ற கலையைச் சுதந்திரக் கலையாய்க் காணும் மயக்கம் இங்கு தலைகாட்டுகிறது. கையை எதிர்க்கும் வேறு கைகள் எவையும் சட்டகத்திலே தோன்றுவதில்லை. ஆனால் கலைஞரின் நேர்மை இம்மயக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. பாவையைக் கொல்வது பெருங்கை அன்று. அடைத்த கதவின் உள்ளே, தான் வனைந்து, தானே உயரத்தில் ஏற்றிவைத்த சட்டிதான் கொல்கிறது.

அதன் பின் இறுதிச் சடங்கு. முகத்தில் மாற்றமேதுமில்லை, சக்கரத்தின் முன்னே நாம் கண்ட அதே தீட்டிய முகம். அப்போது அதில் மகிழ்ச்சியைக் கண்டோம். இப்போது அதைச் சூழ்ந்திருப்பன கை சூட்டிய பதக்கங்கள்.