திரும்ப வைத்த பணம்

சினிமாப் படம் ஒன்றைப் பற்றி இத்தனை பக்கங்கள் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவுவதில் தவறில்லை. ஆயின் நாம் இங்கே பேச விழைவது படத்தைப் பற்றி மட்டுமன்று. அதனைப் பார்த்து முடித்தபோது நம் வீட்டுச் சிறுவன் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியுமாகும்.

படத்தின் பெயர் ‘லக்கி பாஸ்கர்’. வெங்கி அட்லூரி தெலுங்கில் இயக்கி, துல்கர் சல்மான் கதைத் தலைவனாக நடித்து, 2024 அக்டோபர் 31ஆம் நாள் தமிழிலும் வெளிவந்தது. தேவாரத்தில் நம் வீட்டுக் கூடத்தில் பெரியவரும் சிறியவருமாக அமர்ந்து பார்த்தோம். திரை அணைந்ததும் பையன் கேட்டான்: “அத்தா, அவர் எடுத்த பணத்தைத் திரும்ப வைத்துவிட்டாரே! அப்புறம் யாருக்கு என்ன நட்டம்?”

சட்டென்று விடை சொல்ல நமக்கு இயலவில்லை. அந்தக் கேள்வியைப் படமே அவன் நாவில் வைத்து அனுப்பியிருந்தது என்பது பின்னரே புரிந்தது.

கதை இதுதான். பம்பாயில் மகதா வங்கி என்னும் ஒரு வங்கியில் பாஸ்கர் காசாளன். கடன் தொல்லை, உறவினர் ஏளனம், கிடைக்காது போன பதவி உயர்வு என எல்லாம் சேர்ந்து அவனை நெருக்குகின்றன. வார இறுதியில் வங்கிப் பணத்தை எடுத்துச் சென்று இரகசிய வாணிபத்தில் போட்டு, வங்கி திறக்குமுன் இலாபத்தை மட்டும் தனக்கென நிறுத்திக்கொண்டு, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறான். பிறகு உயர்ந்த பதவி வருகிறது. ஹர்ஷா மெஹ்ரா என்னும் பங்குத் தரகரின் பெரிய ஆட்டத்திலும் அவனுக்குப் பங்கு கிடைக்கிறது. முடிவில் விசாரணை அதிகாரிகளின் கைக்கு எட்டாமல், குடும்பத்தோடு கடல் கடந்து செல்வனாக வாழ்கிறான்.

படத்தின் நற்குணங்களை மறைப்பது விமரிசனமாகாது. குறைந்த சம்பளக்காரன் ஒருவன் கௌரவத்தைக் காக்கப் படும் பாடு அதில் உண்மையாகவே காட்டப்பட்டிருக்கிறது. பலருக்கும் புரியாத வங்கி ரசீது விவகாரத்தையும் எளிய மக்களுக்கு விளங்கும்படி சொல்ல முயன்றிருக்கிறார்கள். துல்கரின் நடிப்பில் மிகையில்லை. நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு நடந்த வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும்.

ஹர்ஷா மெஹ்ரா என்னும் பெயருக்குப் பின்னால் நிற்பவர் ஹர்ஷத் மேத்தா. அந்நாளில் வங்கிகள் தம்மிடம் சேரும் வைப்புத் தொகையில் குறிப்பிட்ட பங்கை அரசாங்கக் கடன் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். பணத் தட்டுப்பாடு வந்த வங்கி, தன் பத்திரங்களை மற்றொரு வங்கிக்கு விற்று, சில நாட்களில் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்யும். நடுவில் தரகர் நிற்பார். பத்திரங்களின் கணக்கு கையால் எழுதும் பேரேட்டில் இருந்தமையால் பெயர் மாற்றம் தாமதமாகும். ஆகவே, ‘பத்திரம் எம்மிடம் உள்ளது’ என்று ஒரு ரசீதை எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றார்கள். இதுவே வங்கி ரசீது. பத்திரமே இல்லாமல் ரசீது மட்டும் எழுதித்தர பாங்க் ஆப் கராட், மெட்ரோபாலிடன் கூட்டுறவு வங்கி ஆகிய இரு சிறு வங்கிகள் முன்வந்தன. வங்கிக்கு வங்கி எழுதிய காசோலைகளோ தரகரின் கணக்கில் வரவாயின. அப்பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. ஏறக்குறைய 200 ரூபாயில் இருந்த ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 9,000 ரூபாயைத் தொட்டது.

1992 ஏப்ரல் 23ஆம் நாள் சுசேதா தலால் என்னும் பெண் பத்திரிகையாளர், ஸ்டேட் பாங்கின் கணக்கில் உள்ள ஓட்டையை ‘டைம்ஸ் ஆப் இந்தியா’வில் வெளிப்படுத்தினார். ஐந்தாம் நாள், ஏப்ரல் 28 அன்று, பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, வங்கிகளின் கணக்கில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் இடைவெளி இருப்பதாகக் கண்டது. ரசீது எழுதித் தந்த அவ்விரு சிறு வங்கிகளும் வீழ்ந்தன. ஹர்ஷத் மேத்தா 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருந்தபோதே, 47ஆம் வயதில் காலமானார்.

கதாசிரியன் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், இல்லாத காசாளனை உண்டாக்கலாம். அது கற்பனைக்குரிய உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. ‘தி பிக் புல்’ போல ஆங்கிலப் பெயர் சூட்டினும் தவறில்லை. 2021இல் வந்த ‘தி பிக் புல்’ என்னும் இந்திப் படமும் இதே வரலாற்றைப் பெயர் மாற்றியே சொன்னது. ஆனால் நட்டத்தைச் சுமந்தவரைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டால், அது பெயர் மாற்றமன்று, கணக்கு மாற்றம். தரகர் செய்தது எதுவோ அதையே படமும் செய்துவிடுகிறது. வரவு காட்டப்படுகிறது, பற்று மறைக்கப்படுகிறது.

உண்மையில் ‘திரும்ப வைத்த பணம்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டேட் பாங்கு தன் பணத்தைக் கேட்டு நெருக்கியபோது, ஹர்ஷத் மேத்தா அதைக் கட்டியதும் உண்மையே. அக்குழியை நிரப்பிய மண்ணோ தேசிய வீட்டுவசதி வங்கியின் நிலத்திலிருந்து வெட்டப்பட்டது. ஒரு பள்ளம் மூடிற்று. இன்னொரு பள்ளம் திறந்தது. சாமர்த்தியம் என்று படம் கொண்டாடும் இடத்தில், வரலாறு காட்டுவது இடம் மாறிய நட்டத்தைத்தான்.

இதைச் சிறுவனுக்கு எவ்வாறு விளக்குவது? பங்கும் பத்திரமும் அவன் அறியாதவை. ஏலக்காய் அறிவான். நம் ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் காய் பறிக்கப் போவதும், போடியிலும் புத்தடியிலும் ஏல மையங்களில் விலை பேசப்படுவதும் அவன் பிறந்தது முதல் கேட்டு வருபவை. எனவே மறுநாள் அவனிடம் இப்படிச் சொன்னோம்:

“ஒருவர் தம் பத்து மூட்டைக் காயை நம்பிக்கையான ஒருவரிடம் வைத்துவிட்டுப் போகிறார். காப்பவர் வெள்ளிக்கிழமை அவற்றை விற்றுவிடுகிறார். திங்கட்கிழமை விலை இறங்குகிறது. குறைந்த விலைக்குப் பத்து மூட்டை வாங்கி அடுக்கிவிட்டு, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்கிறார். எண்ணிக்கை சரி. யாருக்கு நட்டம்?”

“யாருக்கும் இல்லையே அத்தா.”

“திங்கட்கிழமை விலை ஏறியிருந்தால்?”

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மூட்டைக்காரருக்குத்தான்” என்றான்.

அவ்வளவுதான் செய்தி. இலாபம் வந்தால் காப்பவருக்கு, நட்டம் வந்தால் உடையவருக்கு. உடையவரைக் கேளாமலே அவர் தலையில் ஏற்றிவைத்த அந்த ஆபத்துதான் திருட்டு. அது விலை இறங்கிய பின் திருட்டாகாமற் போவதில்லை. அமானிதப் பொருளில் கைவைப்பதும், தம் கையில் இல்லாத சரக்கை விற்பதும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. விலை ஏறி இறங்குவது எத்தகையது என்பதை மலையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், மூன்றாண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அந்த ஏற்றத்துக்காவது வெள்ளமும் வறட்சியும் விளைச்சற் குறைவும் காரணமாயிருந்தன. ஏ.சி.சி. பங்கு ஏறியதற்கோ பிறர் பணமே பெருங்காரணமாயிற்று.

உண்மைப் பெயர்களைச் சொல்லிவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமோ என்றால், அதுவும் இல்லை. தேபாஷிஸ் பாசுவும் சுசேதா தலாலும் எழுதிய நூலைக் கொண்டு ஹன்சல் மேத்தா இயக்கிய ‘ஸ்கேம் 1992’ என்னும் தொடர் 2020இல் வந்தது. பெயர்களை மறைக்காமல், வங்கி ரசீதின் வழியை ஒவ்வொரு படியாக விளக்கிய தொடர் அது. அப்படியிருந்தும் இளைஞர் பலர் அதன் பின்னணி இசையைக் கைப்பேசி மணியாக்கிக்கொண்டு, தரகரையே வீரராகக் கொண்டாடினர். ஆயினும் அத்தொடரில் எதிர்க்கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி இருந்தாள், வீழ்ச்சி இருந்தது, விலை கொடுத்தல் இருந்தது. ‘லக்கி பாஸ்கர்’ அந்த மூன்றையும் இலேசாக்கிவிட்டது. கதைத் தலைவன் நம் முகத்தைப் பார்த்தே பேசுகிறான். நம்மைக் கூட்டாளியாக்கிக் கொள்கிறான். அவன் தப்பும்போது நாமும் மூச்சு விடுகிறோம். பாங்க் ஆப் கராட்டில் சிறுகச் சிறுகச் சேமித்து வைத்தவன் நம் முகத்தைப் பார்த்துப் பேச அங்கே இடமே இல்லை.

வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. எந்தப் படமும் அதைக் கதையாக்க விரும்புவதில்லை. இந்தத் திருட்டுக்கு வழியடைத்தது துப்பாக்கி ஏந்திய வீரனல்லன். பங்கு பரிவர்த்தனை வாரியமாகிய செபிக்கு 1992இல் சட்ட அதிகாரம் கிடைத்தது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் வாணிபம் தொடங்கியது. 1996இன் சட்டத்தால் காகிதப் பங்குகள் மின்னணுக் கணக்காக மாறின. பேரேட்டைச் சரிபார்த்த குமாஸ்தாக்களும், கேள்வி கேட்ட ஒரு பத்திரிகையாளரும், விசாரணைக் குழுவினரும் செய்த வேலை இது. அதில் பாட்டுமில்லை, பரபரப்புமில்லை.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்தே பாருங்கள். முடிந்தபின் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்த மூட்டைகள் யாருடையவை? விடையைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.