ஏறினால் விழுவார்

எண்பதுகளின் அமெரிக்க ரெஸ்லிங்கைப் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் கிண்டல் வந்துவிடும். "வாழ்நாள் முழுக்க மேல் கயிற்றில் ஏறினார், வாழ்நாள் முழுக்கத் தூக்கி எறியப்பட்டார், ஒரு தடவையாவது புத்தி வந்ததா?" யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. வெளுத்த தலைமுடி, ஜிகினாவும் இறகும் வைத்துத் தைத்த மேலங்கி, மைக் கிடைத்தால் தன் கைக்கடிகாரத்தின் விலையைப் பற்றி ஒரு பிரசங்கம். இந்தப் பத்தியைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு ஆளைத் தெரியும்.

கிண்டலோடு நின்றால் விட்டுவிடலாம். விவரமறிந்தவர்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள். ஒரே ஆட்டத்தை ஊர் ஊராக ஆடினாராம். எதிராளி மாறினாலும் வரிசை மாறவில்லையாம். மூலைக் கம்பத்தில் மோதித் தலைகீழாகப் புரள்வது, மண்டியிட்டுக் கும்பிட்டுக் கெஞ்சுவது, நாலு எட்டு நடந்து முகங்குப்புற விழுவது, மேல் கயிறு, கடைசியில் ஃபிகர் ஃபோர் என்கிற காலைப் பூட்டும் பிடி. வரிசை உண்மைதான், மறுக்கவில்லை. அதைச் சோம்பல் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சண்டை. மற்றதையெல்லாம் வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன், மேல் கயிற்றை மட்டும் தரமாட்டேன். அந்தக் காலத்து ரிங்குக்குள் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது அதுதான் என்பது என் கட்சி.

முதலில் அவர் பார்த்த வேலை என்ன என்று பார்ப்போம். 1948ல் அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் சில புரமோட்டர்கள் கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸை உண்டாக்கினார்கள். ஆளுக்கொரு வட்டாரம். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை விரிக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே உலக சாம்பியன். 1956ல் அமெரிக்க நீதித்துறை இதை ஏகபோகம் என்று பிடித்து ஒப்பந்தம் எழுதி வாங்கியது. அப்படியும் ஏற்பாடு கால் நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. மெம்பிஸில் திங்கள், ஹூஸ்டனில் வெள்ளி, போர்ட்லண்டில் சனி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ரெஸ்லிங் இரவு. இவர் பார்த்த சாம்பியன் வேலைக்கு மட்டும் ஊர் கிடையாது. பெட்டியில் பெல்ட்டை வைத்துக்கொண்டு விமானம் விமானமாக ஏறி இறங்க வேண்டும். டொரன்டோ, போர்ட்டோ ரிக்கோ, ஜப்பான் எல்லாம் அந்தச் சுற்றில் அடக்கம்.

போய் இறங்கிய ஊரில் உள்ளூர் நாயகன் காத்திருப்பார். இன்றைக்கு எப்படியும் நம்மாள் ஜெயித்துவிடுவார் என்று நம்பித்தான் ஜனம் டிக்கெட் வாங்கியிருக்கும். சாம்பியன் மறுநாள் பெல்ட்டோடு ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அடுத்த வாரமும் அதே நாயகனைப் பார்க்க அதே ஜனம் வர வேண்டும். அந்த நாயகன் ஒரு நாள் அசல் திறமைசாலியாக இருப்பார். இன்னொரு நாள் புரமோட்டரின் மகனாக இருப்பார், பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சு தாங்காது. ஆட்டத்தின் நேர எல்லையோ அறுபது நிமிடம்.

முடிவை எழுதியது புரமோட்டர் என்பது நமக்குத் தெரியும், அதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் இன்றுபோல ஒவ்வொரு அசைவையும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்த காலமல்ல அது. கடைசி இரண்டு நிமிடத்தைத் தவிர மீதியை ரிங்குக்குள், பிடி போட்டபடியே காதோடு காதாகப் பேசித்தான் நகர்த்தினார்கள். பேச்சை நடத்தியவர் சாம்பியன். ஆகவே எப்போது ஏறுவது, எப்போது விழுவது என்பது அவர் முடிவு.

அந்த ஏற்றத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எதிராளி படுத்துக் கிடப்பார். கை ஓங்கியிருப்பது சாம்பியனுக்கு. மேலே விழுந்து அமுக்கலாம், காலைப் பிடித்து முறுக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு மனிதர் மூலைக்கு நடப்பார். அவசரமே இல்லாமல் ஏறுவார். ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் மாடியில் துணி காயப்போடப் போகிறவர் மாதிரி இருக்கும். அந்த மெதுவில்தான் சூட்சுமம். அன்றைய அரங்குகளில் ராட்சதத் திரை கிடையாது. போர்ட்லண்டில் பந்து உருட்டும் கூடம் ஒன்றைத்தான் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். டாம்பாவில் ராணுவக் கிடங்குக் கூடம். கடைசி வரிசையில் நிற்பவருக்குத் தரையில் நடப்பது பாதிதான் தெரியும். மேல் கயிற்றில் நிற்கிற ஆள் எல்லோருக்கும் தெரிவார். படுத்திருக்கிற நாயகனுக்கு மட்டும் தெரியாது. ஜனம் கத்தும். எழுந்திரு, எழுந்திரு என்று கூரை அதிரக் கத்தும். நாயகன் எழுவார். எழுப்பிவிட்டது நாங்கள்தான் என்று இரண்டாயிரம் பேர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அப்புறம் அடுத்த வாரம் டிக்கெட் விற்காமல் என்ன செய்யும்?

தொழில் கணக்கும் இதில் உண்டு. மேலிருந்து ஒருவரைப் பிடித்துத் தள்ள அசாத்திய பலம் வேண்டாம். உயரத்தைக் கம்பம் கொடுத்துவிடுகிறது, தாவலை விழுகிறவர் கொடுத்துவிடுகிறார். கிட்டே போய்க் கையை நீட்டத் தெரிந்தால் போதும், கற்றுக்குட்டியும் பீமனாகத் தெரிவார். அடி வாங்கிக் களைத்த எதிராளிக்கு மூச்சு வாங்க அரை நிமிடமும் கிடைத்துவிடும். அலையன்ஸின் விதிப்படி மேல் கயிற்றுக்கு மேலாக வெளியே வீசினால் தகுதி நீக்கம். தகுதி நீக்கத்தில் பெல்ட் கை மாறாது. ஆகவே சாம்பியனை விதிக்கு உட்பட்டு எறியக்கூடிய மிகப் பெரிய உயரம் அந்த மூலைதான். அதைத் தன் கையாலேயே எடுத்து நாயகனுக்குக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காரணம். நாயகன் திருப்பி அடிக்க ஏதாவது ஒரு வாசல் வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் வாசல் திறந்தால் நாயகனுக்கு மதிப்பில்லை. சாம்பியன் பலமிழந்து திறந்தால் பெல்ட்டுக்கு மதிப்பில்லை. இவர் திமிரால் திறந்தார். ஜெயித்துக்கொண்டிருந்த ஆள், இன்னும் ஆடம்பரமாக ஜெயிக்க ஆசைப்பட்டுக் கெட்டார். அந்த ஆசை மட்டும் இல்லையென்றால் நம்மாள் தோற்றிருப்பார் என்று ஊருக்கும் உள்ளூரத் தெரியும். இரண்டு பேருடைய கௌரவமும் ஒரே அசைவில் காப்பாற்றப்பட்டது. மேனேஜர் குறுக்கே வருவது, நடுவர் மயங்கி விழுவது என்று மற்ற புரமோட்டர்கள் கட்டிய வாசல்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சுத்தம் என்று தெரியும்.

நமக்கு இது புரியாமல் போவது ஆச்சரியம்தான். தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் பார்க்கப் போகிறவர் யாரும் துரியோதனன் இந்தத் தடவை தப்பிவிடுவானோ என்று போவதில்லை. எப்படி விழுவான், எவ்வளவு நேரம் விழாமல் இருப்பான் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே குறையாகத் தெரியாதது இங்கே மட்டும் ஏன் குறையானதோ.

இதில் உடம்பு விஷயமும் இருக்கிறது. 1975 அக்டோபரில் வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே ஒரு சிறிய விமானம் விழுந்தது. உள்ளே இருந்த இவருக்கு முதுகெலும்பு மூன்று இடங்களில் உடைந்தது. இனி ரிங் கிடையாது என்றார்கள் டாக்டர்கள். சில மாதங்களில் திரும்பி வந்தார். அதற்குப் பிந்தைய ஆட்டங்களில், பின்பக்கமாகத் தூக்கி எறியப்படும்போது முதுகு முழுதாகத் தரையில் படாமல் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் விழுவதைக் காணலாம். அப்படிப்பட்ட முதுகை வைத்துக்கொண்டு ஒருவர் இரவுக்கிரவு மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து விழச் சம்மதிக்கிறார் என்றால் அதைப் பழக்கதோஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஏறினால் விழுவார் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியாயிற்று. அந்தப் பாடத்தை வைத்து என்ன செய்தார்? இங்கேதான் விமர்சகர்கள் வீட்டுப்பாடம் செய்யவில்லை. 1983 நவம்பர், நன்றி நவிலல் நாள் இரவு, கிரீன்ஸ்போரோ. இரும்புக் கூண்டு. மற்ற ஊர்களில் ஜனம் கூடங்களில் திரை கட்டி நேரலையாகப் பார்க்கிறது. எதிரே இருந்த அப்போதைய சாம்பியனும் மேல் கயிற்றில் ஏறித் தூக்கி எறியப்படுவதில் தேர்ந்தவர்தான், இவர் தொழிலில் பாதி அவரிடமிருந்து எடுத்தது. அன்றைக்கு இவர் ஏறினார். எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்று. அன்றைக்குப் பார்த்து அது நடக்கவில்லை, பறந்து போய் மேலே விழுந்தார், பெல்ட் வந்தது.

இன்னொன்று 1989. அந்த வருடத்து மூன்று ஆட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். எதிராளி, எழுபதுகளிலிருந்து கரோலினாவில் இவரோடு மோதிமோதி வளர்ந்தவர், வில்லத்தனம் என்றால் என்னவென்றே தெரியாத உத்தமர், மேல் கயிற்றை இவரைவிட அழகாகப் பயன்படுத்தியவர். நியூ ஓர்லியன்ஸ் ஆட்டம் ஒரு மணியை நெருங்கியது. மூன்றிலும் அதுதான் சிறந்தது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். எனக்கு நாஷ்வில். ரிங்குக்குப் பக்கத்தில் மூன்று நீதிபதிகளை உட்காரவைத்திருந்த அந்த இரவில், திருப்பம் எங்கே வந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஃபிகர் ஃபோர் என்பார்கள். அதற்கு முன்னால் மேல் கயிற்றில் ஏறியது யார்? உத்தமர். கயிறு ஆடியதில் தடுமாறி வெளியே தரையில் விழுந்தது யார்? அவரேதான். முழங்கால் போனது, அத்தோடு ஆட்டமும் போனது. ஏறினால் என்ன ஆகும் என்று பத்து வருடமாகத் தன் உடம்பை விழவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஒரு இரவில் பாடத்தை எதிராளி மேல் திருப்பினார். இதைச் சோம்பல் என்கிறார்கள்!

இதே சமயத்தில் வேறொரு பெரிய நிறுவனம் புஜபலத்தை விற்றுக்கொண்டிருந்தது. அங்கே நாயகர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் ஜெயித்தார்கள். நம்மில் பலருக்கு ரெஸ்லிங் என்றால் தொண்ணூறுகளில் கேபிளில் வந்த அந்த உலகம்தான். அந்த வீரர்களின் சீட்டுக்கட்டில் உயரமும் எடையும் போட்டு விளையாடிய தலைமுறைக்குத் தோற்கிற திறமைக்கு மார்க் போடத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. சீட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

1992ல் ஒரு ரெஸ்லிங் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு மேல் கயிற்றின் மதிப்பு குறைகிறது என்ற கவலை வந்தது. கவலை சரி. வைத்தியம்தான் தப்பு. மேலிருந்து குதிப்பதையே தடை செய்துவிட்டார்கள். இளம் வீரர்களின் சிறகை வெட்டியதைத் தவிர அது எதையும் சாதிக்கவில்லை, தடையும் நீடிக்கவில்லை. ஒரு அசைவு அபூர்வமாக வேண்டுமானால் அது தோற்க வேண்டும். சட்டம் போட்டு அபூர்வமாக்க முடியாது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மேலே ஏறுகிறவர் எல்லோரும் கச்சிதமாகப் பறக்கிறார்கள். இரட்டைக் குட்டிக்கரணம் அடித்து இறங்குகிறார்கள். இறங்கியவரும் எழுந்துவிடுகிறார், வாங்கியவரும் எழுந்துவிடுகிறார். பத்து விநாடித் துண்டாக வெட்டிப் போனில் சுற்ற விடுவதற்கு அருமையாக இருக்கிறது. நாளைக் காலை அந்த விநாடிகளில் ஒன்றையும் இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போதைய வீரர்களின் உடற்திறனில் நான் குறை காணமாட்டேன், எண்பதுகளில் யாரும் கனவிலும் செய்யாததைச் செய்கிறார்கள். ஏறும்போது யாரும் கத்துவதில்லை என்பதுதான் என் புகார். செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறார்கள்.

இது இப்படியே ஓடாது என்றே நினைக்கிறேன். புஜபலம் விற்ற அந்த நிறுவனத்தின் திங்கட்கிழமை இரவு நிகழ்ச்சி 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. தொடர் பார்க்கிற ரசிகர் அங்கே இருக்கிறார். அவருக்குப் பன்னிரண்டு வாரம் முன்னால் போட்ட முடிச்சு இன்றைக்கு அவிழ வேண்டும். பறப்பதில் இதற்கு மேல் போக உயரமும் இல்லை. ஆகவே அடுத்த சில வருடங்களில் எங்கோ ஒரு சாம்பியன் வாராவாரம் ஒரே தப்பைச் செய்யத் தொடங்குவார், வேண்டுமென்றே. மேல் கயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேறு ஏதாவது ஒரு பேராசை. அறுபது நிமிட சமன் ஆட்டமும் திரும்பும். எழுபதாயிரம் பேர் அமரும் ஸ்டேடியத்தில் வராது, இரண்டாயிரம் பேர் கூடத்தில் வரும்.

அந்தத் தப்பை முதலில் செய்யப்போவது ஒரு பெண் சாம்பியன் என்பது என் பந்தயம். கடந்த பத்தாண்டில் நீண்ட பகைகளைப் பொறுமையாகக் கட்டியது பெண்கள் பிரிவில்தான் அதிகம். அங்கே எதிராளியைப் பெரிதாகக் காட்டுவதை இன்னும் யாரும் அவமானமாக நினைக்கவில்லை. 2030க்குள் நடந்துவிடும். ஆண்கள் பிரிவில் மேலும் இரண்டு மூன்று வருடம் பிடிக்கலாம். அங்கே இப்போதைக்கு எல்லோருக்கும் பறக்கத்தான் ஆசை.